எழுதிக் கொடுத்தாச்சா?

கல்லூரிகள் திறந்து இரண்டு மாதம் ஆனால் போதும், இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு வருகிற தபால் மாறிவிடும். வீட்டு அட்வான்ஸ் திரும்பி வரவில்லை, பட்டாவில் பெயர் ஏறவில்லை என்பவர்கள் ஒதுங்கிக்கொள்ள, பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் எழுத ஆரம்பிப்பார்கள். இந்த முறை அந்தக் கடிதங்களை மட்டும் எடுத்திருக்கிறேன். பெயர், கல்லூரி, அடையாளம் தெரியக்கூடிய விவரம் எல்லாவற்றையும் நீக்கியாயிற்று. ஏரியா மட்டும் இருக்கிறது. நான் வண்ணாரப்பேட்டைக்காரி. ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் பிராக்டிஸ். கல்லூரி விசாரணைக் குழுக்களில் வெளி உறுப்பினராகவும் உட்காருகிறவள். அதனால் சட்டத்தில் உள்ளதோடு அந்த அறைகளில் நடப்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

*

என் மகள் பி.காம். இரண்டாம் வருடம். டிபார்ட்மென்ட்டில் ஐ.வி., அதாவது தொழிற்சாலை பார்க்கும் டூர் என்று பெங்களூரு கூட்டிப் போனார்கள். பஸ்ஸில் அவள் தூங்கும்போது கூடப் படிக்கிற பையன் போட்டோ எடுத்து, அசிங்கமாக எழுதி, கிளாஸ் பையன்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறான். அதற்கு முன்னாலும் ஸ்டேஷன் வரைக்கும் பின்னாடியே வந்திருக்கிறான். ஹெச்.ஓ.டி. இரண்டு வீட்டையும் கூப்பிட்டு 'சாரி' சொல்ல வைத்தார். டூரில் நடந்ததற்குக் காலேஜ் பொறுப்பில்லை, எழுதிக் கொடுத்தால் பெண்ணின் பெயர்தான் கெடும் என்கிறார். என் வீட்டுக்காரரின் கூட்டாளி, ஏரியாவில் செல்வாக்கு உள்ளவர், 'பையன் வீட்டில் நான் பேசி முடிக்கிறேன்' என்கிறார். என்ன செய்வது?
— பெயர் வேண்டாம், காசிமேடு

அம்மா, கூட்டாளிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் நம் பக்கத்தில் பேசி முடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். பையனுக்கு வீட்டில் நாலு அறை விழும். ஒரு வாரம் தலையைக் குனிந்துகொண்டு நடப்பான். அப்புறம் அவன் சிநேகிதர்கள் உங்கள் மகளைப் பார்த்து ஒரு மாதிரி சிரிப்பார்கள். மறுபடி ஏதாவது நடந்து நீங்கள் புகார் கொடுக்கப் போனால், 'அதான் அன்னைக்கே பேசி முடிச்சாச்சே' என்பார்கள். உங்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

ஹெச்.ஓ.டி. அறையில் என்ன நடந்திருக்கும் என்று நீங்கள் எழுதாமலே என்னால் சொல்ல முடியும். பையனின் அம்மா முந்தானையை ஏந்திக்கொண்டு நின்றிருப்பார். 'எனக்கும் ஒரு பொண்ணு இருக்குதும்மா' என்று அழுதிருப்பார். 'சரி, மன்னிச்சிட்டேன்னு சொல்லும்மா' என்று ஹெச்.ஓ.டி.யே வாக்கியத்தை எடுத்துக் கொடுத்திருப்பார். உங்கள் மகள் தரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டியிருப்பாள். விதிப்படி அங்கே நடந்த எதற்கும் மதிப்பு கிடையாது. சமரசம் என்று ஒன்று விதியில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதைப் பாதிக்கப்பட்டவர் தானாகக் கேட்க வேண்டும். கல்லூரியின் புகார்க் குழு வழியாக, விசாரணை தொடங்கும் முன் நடக்க வேண்டும். அதில் காசு கைமாறக் கூடாது. அந்தக் குழுவில் முதல்வரோ டீனோ துறைத் தலைவரோ உறுப்பினராகவே இருக்கக் கூடாது. அந்தப் பதவியில் உள்ளவர்களுக்குக் கல்லூரியின் பெயர்தான் முதலில் தெரியும் என்பதை விதி எழுதியவர்கள் அறிந்திருக்கிறார்கள்.

நான் சொல்கிற விதி, உயர்கல்வி நிறுவனங்களுக்கு யுஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழு போட்ட 2015-ஆம் ஆண்டு பாலியல் துன்புறுத்தல் தடுப்பு ஒழுங்குமுறை. 2013-ல் வந்த பணியிடச் சட்டத்தை ஒட்டி, மாணவர்களையும் சேர்த்துப் போட்டது. டூருக்குக் காலேஜ் பொறுப்பில்லை என்று சொன்னவருக்கு அதிலேயே பதில் இருக்கிறது. கல்லூரி ஏற்பாடு செய்த வண்டி, கல்விச் சுற்றுலா, இன்டர்ன்ஷிப், முகாம், கலை விழா, விளையாட்டுப் போட்டி என்று மாணவராக எங்கே போனாலும் அது வளாகக் கணக்கில்தான் வரும். பெங்களூரு பஸ்ஸும் வரும்.

குழுவுக்கு உள்ளகப் புகார்க் குழு என்று பெயர். பிள்ளைகள் ஐசிசி என்பார்கள். மூத்த பேராசிரியை ஒருவர் தலைவர், ஆசிரியர் இருவர், அலுவலகப் பணியாளர் இருவர், வெளியிலிருந்து ஒருவர், மாணவர் சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் மாணவர் மூவர். மொத்தத்தில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள். புகாரை எழுத்தில், கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் நீட்டலாம். பேசி முடிக்கிறேன் என்று இழுத்தடிப்பவர்கள் இந்தக் கணக்கைத்தான் தின்கிறார்கள்.

எழுதும் விதம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். 'இன்னார் என்னிடம் தவறாக நடந்துகொள்கிறார், மன உளைச்சலாக இருக்கிறது, தக்க நடவடிக்கை எடுக்கவும்.' எங்கள் மேசைக்கு வருகிற புகார்களில் இப்படித்தான் நிறைய. இதை வைத்துக்கொண்டு குழு எதைக் கேட்கும், எதிர் தரப்பு எதற்குப் பதில் சொல்லும்? உங்கள் மகள் இப்படி எழுதட்டும்: 'ஆகஸ்ட் 8-ஆம் தேதி இரவு சுமார் 11 மணி. பஸ் ஓசூர் தாண்டியிருந்தது. நான் இடது பக்கம் ஜன்னல் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன். எதிர் வரிசையில் இருந்த இன்னார் என்னைப் படம் எடுத்தார். மறுநாள் காலை 7.40-க்கு அந்தப் படம் இன்ன குரூப்பில் இந்த வார்த்தைகளோடு வந்தது. அதை எனக்குக் காட்டியவர் இன்னார்.' அவன் எழுதிய கெட்ட வார்த்தையை அப்படியே எழுத வேண்டும். 'ஆபாசமாக' என்று மரியாதையாக மூடிவிட்டால், 'சும்மா கிண்டல் பண்ணேன் மேடம்' என்று அவன் தப்பிக்க இடம் கிடைத்துவிடும். ஸ்டேஷன் வரை பின்தொடர்ந்த நாட்களும் அதே மாதிரி, ஒவ்வொன்றும் தனித்தனிப் பத்தியாக.

அப்புறம் ஸ்கிரீன்ஷாட். அதில் நாள், நேரம், அனுப்பியவர் நம்பர் தெரிய வேண்டும். குரூப்பில் இருக்கிற அந்த நல்ல பிள்ளை கோபத்தில் குரூப்பை விட்டு வெளியேற வேண்டாம், மெசேஜை அழிக்கவும் வேண்டாம். அந்தப் படத்தை 'பாருங்கள் இந்த அநியாயத்தை' என்று அத்தைக்கும் சித்திக்கும் நீங்கள் அனுப்பிவிடாதீர்கள். ஆதாரத்தோடு சேர்த்து ஆறு நகல் கொடுக்க வேண்டும் என்பது விதி. உங்களுக்கென்று வைத்துக்கொள்ளும் நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து, தேதி, சீல் வாங்குங்கள். வாங்க மறுத்தால் குழுத் தலைவர் பெயருக்கு ஸ்பீட் போஸ்ட்டிலும் ஈமெயிலிலும் அனுப்புங்கள். மறுத்ததையும் அதில் ஒரு வரி சேருங்கள்.

குழு புகாரின் நகலை 7 நாளில் அந்தப் பையனுக்கு அனுப்பும். அவன் 10 நாளில் பதில் தர வேண்டும். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை உங்கள் மகள் அவனோடு ஒரே வகுப்பில் உட்கார வேண்டுமா? தேவையில்லை. இருவரில் ஒருவரை வேறு செக்‌ஷனுக்கு மாற்றலாம், அவனை விலகி இருக்கச் சொல்லி எச்சரிக்கலாம், மிரட்டல் இருந்தால் வளாகத்துக்குள் வராமல் தடுக்கலாம். இவற்றையெல்லாம் புகாரிலேயே கேட்டுவிட வேண்டும். கேட்காமல் செய்கிற குழுவை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். புகார் நிரூபணமானால் சலுகை நிறுத்தம் முதல் சஸ்பென்ஷன், கல்லூரியை விட்டு நீக்குவது வரை தண்டனை உண்டு. கவுன்சலிங், சமூக சேவை என்றும் உத்தரவிடலாம்.

போலீஸுக்கும் போகலாம். பின்தொடர்வது, பழைய ஐபிசிக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 78-ஆம் பிரிவில் குற்றம், பாலியல் தொந்தரவு 75-ல். கல்லூரியில் புகார் கொடுத்ததால் போலீஸ் கதவு அடைபடாது. எது முதலில் என்பதை உங்கள் மகள் முடிவு செய்யட்டும். கடிதம் முழுக்க நீங்கள், வீட்டுக்காரர், கூட்டாளி, ஹெச்.ஓ.டி. எல்லோரும் பேசுகிறீர்கள், அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லையே அம்மா.

*

காலேஜ் போகிற பஸ்ஸில் உரசுகிறவன் மாணவன் இல்லை, யாரோ ஆள். யாரிடம் சொல்வது?
— மாணவி, திருவொற்றியூர்

கண்டக்டரிடம், சத்தமாக. 2022-ல் தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியிருக்கிறார்கள். முறைப்பது, விசில் அடிப்பது, பாட்டுப் பாடுவது, படம் எடுப்பது எல்லாம் அதில் அடங்கும். அப்படிப்பட்டவனை இறக்கிவிடவோ வழியில் உள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்கவோ கண்டக்டருக்கு அதிகாரமும் கடமையும் உண்டு. 'கொஞ்சம் தள்ளி நின்னுக்கம்மா' என்று அவர் உன்னைச் சொன்னால் பஸ் நம்பரையும் நேரத்தையும் குறித்துக்கொள். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181.

*

அண்ணா பல்கலைக்கழக மாணவியின் எஃப்ஐஆரே வெளியே வந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகு எங்களைப் புகார் கொடு என்று எந்த தைரியத்தில் சொல்கிறீர்கள்?
— எம்.எஸ்சி. மாணவி, பெரம்பூர்

நியாயமான கோபம். 2024 டிசம்பரில், வளாகத்துக்குள்ளேயே பாலியல் வன்கொடுமைக்கு ஆளான அந்தப் பெண்ணின் விவரங்களோடு எஃப்ஐஆர் செல்போன் செல்போனாகச் சுற்றியதை நானும் பார்த்தேன். எங்கள் கோர்ட் வாசலிலேயே சிலர் அதை ஃபார்வர்ட் பண்ணிக்கொண்டிருந்தார்கள், கறுப்பு கோட் போட்டவர்கள் உட்பட.

அதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றம் அந்த மாதமே பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் மட்டும் அடங்கிய சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. எஃப்ஐஆர் வெளியானதற்காக அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. 2025 ஜூன் 2-ஆம் தேதி சென்னை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை விதித்து, 30 வருடத்துக்குக் குறைக்கக் கூடாது என்றது. சம்பவம் நடந்து ஆறு மாதத்துக்குள். கோர்ட் வேகம் தெரிந்த எனக்கு அது சாதாரண விஷயமாகப் படவில்லை. அவள் புகார் கொடுத்ததால்தான் அது நடந்தது.

பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் நியாய சன்ஹிதா 72-ஆம் பிரிவின்படி 2 வருடம் வரை சிறை. கல்லூரிக் குழுவுக்கும் ரகசியம் காக்கிற கடமை இருக்கிறது. புகார், பெயர், சாட்சி, விசாரணையில் பேசியது எதுவும் வெளியே போகக் கூடாது. இது எழுத்தில் உள்ளது. நடைமுறையில் ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்வார்கள், தெரியும். அதனால் குழு முதல் தடவை கூடும்போதே, 'என் புகார் பற்றி உறுப்பினர் அல்லாத ஒருவர் என்னிடம் பேசினால் அதையும் எழுத்தில் கொடுப்பேன்' என்று சொல்லிவிடு. நான் உட்கார்ந்த ஒரு விசாரணையில் ஒரு பெண் அதைச் சொன்னாள். மேசையைச் சுற்றி எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

*

கூடப் படிக்கிற பெண்ணிடம் காதலைச் சொன்னேன். மாட்டேன் என்றாள். கொஞ்ச நாள் கழித்து மறுபடி சொன்னேன். அவள் தோழியிடம் லெட்டர் கொடுத்தனுப்பினேன். பிறந்த நாளைக்கு அவள் தெருவில் நின்றேன், அவ்வளவுதான். இப்போது ஐசிசியில் புகார். என் வாழ்க்கையே போய்விடும் போலிருக்கிறது. நான் தொடக்கூட இல்லை, அக்கா.
— மாணவன், ராயபுரம்

தம்பி, நீ எழுதிய வரிசையை நீயே ஒருமுறை படித்துப் பார். மாட்டேன் என்றாள், மறுபடி சொன்னாய், தோழியை அனுப்பினாய், தெருவில் நின்றாய். 'அவ்வளவுதான்' என்கிறாய். ஒரு பெண் தெளிவாக வேண்டாம் என்ற பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதைத்தான் பின்தொடர்தல் என்று 78-ஆம் பிரிவு சொல்கிறது. தொட்டால்தான் குற்றம் என்று உனக்கு யார் சொன்னது? இந்த ஒரு விஷயத்தில் நம் சினிமா உங்களை நன்றாகவே கெடுத்து வைத்திருக்கிறது.

சரி, இனி உனக்குள்ள உரிமைகள். புகாரின் முழு நகல் உனக்குக் கிடைக்க வேண்டும். 'உன் மேல் கம்ப்ளெயின்ட் வந்திருக்கு, என்ன சொல்றே' என்று வாய்வார்த்தையாகக் கேட்டால், நகல் கொடுங்கள், எழுத்தில் பதில் தருகிறேன் என்று பணிவாகச் சொல். உன் சாட்சிகளின் பெயரைக் கொடுக்கலாம். அவளிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிக் குழுவிடம் கொடுக்கலாம். நேருக்கு நேர் நின்று கேட்க விடமாட்டார்கள், அது சரியும்கூட. வக்கீலை உள்ளே கூட்டிப் போக முடியாது, அவளாலும் முடியாது. பதில் எழுத வெளியில் யாரிடமும் உதவி கேட்கலாம். தொடர்ந்து மூன்று முறை கூப்பிட்டும் நீ போகாவிட்டால் உன்னை வைத்துக்கொள்ளாமலே முடிவு எழுதிவிடலாம், அதனால் போகாமல் இருந்துவிடாதே. குழு அவசர அவசரமாக முடித்தாலும் அது நிற்காது. கோவா பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் மீதான விசாரணையைக் குழு அடுத்தடுத்த நாட்களில் கூடி ஓட்டமாக முடித்துவிட்டது என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருடைய பணிநீக்கத்தை ரத்து செய்து, மறுபடி விசாரிக்கச் சொன்னது. முடிவு உனக்கு எதிராக வந்தால் 30 நாளில் மேல்முறையீடு செய்யலாம்.

பொய்ப் புகார் என்று திருப்பிப் போடலாமா என்று யாராவது உனக்கு யோசனை சொல்லுவார்கள். பொய் என்று தெரிந்தே கெட்ட எண்ணத்தில் கொடுத்த புகாருக்கு நடவடிக்கை உண்டுதான். ஆனால் நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக ஒரு புகார் பொய் ஆகிவிடாது. உன் விஷயத்தில் அவள் சொன்னது எல்லாம் நடந்தது என்று நீயே எனக்கு எழுதியிருக்கிறாய்.

இன்று முதல் அவளுக்கு மெசேஜ் கிடையாது, ஸ்டேட்டஸில் சோகப் பாட்டு கிடையாது, 'நான் மாறிட்டேன்னு சொல்லு' என்று தோழி வழியாகத் தூது கிடையாது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று உண்மையிலேயே தோன்றினால் குழுவுக்கு எழுதும் பதிலில் கேள். அவள் வீட்டு வாசலில் போய்க் கேட்டால் அது இன்னொரு சம்பவம், இன்னொரு பத்தி.

*

நான் ஆட்டோ ஓட்டுகிறேன். என் பையன் பி.ஏ. மூன்றாம் வருடம். ரூட்டுப் பிரச்சினையில், அதாவது பஸ் ரூட் வாரியாகச் சேர்கிற காலேஜ் பையன்களின் கோஷ்டிச் சண்டையில், பஸ் ஸ்டாண்டில் அடிதடி. இவன் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தான், அவ்வளவுதான் என்கிறான். போலீஸ் எஃப்ஐஆரில் பெயர் சேர்த்திருக்கிறது. காலேஜில் சஸ்பெண்ட். 'சொந்த விருப்பத்தில் டி.சி. வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் கேரக்டர் சர்டிபிகேட்டில் கை வைக்க மாட்டோம்' என்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?
— கொருக்குப்பேட்டை

போடாதீர்கள் அண்ணே. சொந்த விருப்பம் என்று எழுதிவிட்டால் அப்புறம் எந்த இடத்திலும் கேள்வி கேட்க முடியாது. ஒரே ஒரு பேப்பரைத்தான் எழுதிக் கொடுக்காதே என்பேன், அது இதுதான்.

விசாரணை முடிகிற வரைக்கும் தள்ளி வைப்பதுதான் சஸ்பென்ஷன். தண்டனை தர வேண்டுமென்றால், அவன் என்ன செய்தான் என்று குற்றச்சாட்டை எழுத்தில் தர வேண்டும். பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும். சிசிடிவி, வீடியோ எதை வைத்துச் சொல்கிறார்களோ அதைக் காட்ட வேண்டும். அவன் தரப்பைக் கேட்டு, காரணம் எழுதி உத்தரவு போட வேண்டும். இது எதுவும் இல்லாமல் நீக்கினால் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். சான்றிதழை வைத்துக்கொண்டு அலைக்கழித்தால், யுஜிசியின் 2023 ஒழுங்குமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும். அங்கே கிடைக்காவிட்டால் பல்கலைக்கழகத்தின் ஓம்பட்ஸ்பெர்சன் என்கிற குறைகேட்பு அதிகாரியிடம் மேல்முறையீடு. பையன் மூன்றாம் வருடம் என்பதால் பரீட்சை எழுத அனுமதி கேட்டு இப்போதே மனு கொடுங்கள். நான் வழக்கமாகப் பார்க்கிறேன், எல்லோரும் சஸ்பென்ஷனைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்து பரீட்சைக் கட்டணத் தேதியை விட்டுவிடுவார்கள்.

இப்போது நீங்கள் கேட்காததற்கு வருகிறேன். 'சும்மா நின்றான்' என்பது கோர்ட்டில் அவ்வளவு லேசான விஷயம் இல்லை. ஐந்து பேரோ அதற்கு மேலோ ஒரே நோக்கத்தோடு கூடி, அதில் ஒருவன் வெட்டினாலும், கூட நின்றவர்கள் மேலும் அதே குற்றம் வரும். நியாய சன்ஹிதா 190. அடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்து நின்றானா, பஸ்ஸுக்கு நின்றானா என்பதுதான் கேள்வி. அவன் செல்போனில் உள்ள ரூட்டு குரூப்பை நீங்கள் ஒருமுறை உட்கார்ந்து படியுங்கள். வக்கீலிடம் போவதற்கு முன் அப்பாவுக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும்.

ரூட்டு, ரூட்டு தல என்பதைப் பற்றி வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். பஸ் நம்பரை வைத்து எப்படி ஒரு கூட்டம் என்று. எனக்கு அதில் சிரிப்பு வருவதில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கானா பாடி, பஸ் மேல் தட்டித் தாளம் போட்டு வளர்ந்த தலைமுறை எங்களுடையதும்தான். ஆனால் 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் 29இ பஸ்ஸுக்குள் பட்டாக்கத்தி ஏறியது. 2024 அக்டோபரில் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் தாக்கப்பட்ட ஒரு மாணவன் ஆஸ்பத்திரியில் உயிரை விட்டான். அடிபட்டவனும் அடித்தவனும் பெரும்பாலும் உங்களைப் போல ஒருவரின் பிள்ளை, வீட்டில் முதல் முதலாகக் காலேஜ் படி ஏறியவன். 'தல' என்று கூப்பிட்டவர்கள் வாய்தாவுக்கு வருவதில்லை அண்ணே, அதை நான் வாரா வாரம் பார்க்கிறேன். பஸ் ஸ்டாண்டில் அவனோடு நின்றவர்களில் எத்தனை பேர் இதுவரை உங்கள் வீட்டுக்கு வந்தார்கள் என்று அவனையே கேளுங்கள்.

*

முதல் வருடம் சேர்ந்திருக்கிறேன். சீனியர்கள் கிரவுண்டுக்குக் கூட்டிப் போய் சட்டையைக் கழற்றச் சொல்கிறார்கள், ரூட்டு காசு என்று வாரா வாரம் பணம் வாங்குகிறார்கள். ஒருவன் தகாத இடத்தில் கை வைத்தான். பையன்களும் புகார் கொடுக்கலாமா? சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள்.
— வியாசர்பாடி

கொடுக்கலாம் தம்பி. யாரும் சிரிக்கிற விஷயம் இல்லை இது. பணம் பிடுங்குவதும் சட்டையைக் கழற்றச் சொல்வதும் ராகிங். தொட்டது பாலியல் துன்புறுத்தல். 2015 ஒழுங்குமுறை ஆண் மாணவர்களும் மூன்றாம் பாலினத்தவரும் இதற்கு ஆளாகிறார்கள் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. இரண்டையும் எழுது.

ராகிங்குக்குத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருப்பதற்குக் காரணம் ஒரு பிள்ளையின் சாவு. 1996 நவம்பரில் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு வந்ததுதான் 1997-ஆம் ஆண்டுச் சட்டம்: 2 வருடம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், குற்றம் நிரூபணமானால் கல்லூரியிலிருந்து நீக்கம், வேறு கல்லூரியிலும் சேர முடியாது. யுஜிசியின் 2009 ஒழுங்குமுறைப்படி, சட்டப்படி குற்றமான ராகிங் என்று தெரிந்தால் முதல்வர் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் புகார் கொடுக்க வேண்டும். செய்தவர் யார் என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் கூட்டமாகவே தண்டனை தரலாம். அட்மிஷனின்போது நீயும் உன் அப்பாவும் படிக்காமல் கையெழுத்துப் போட்ட உறுதிமொழிப் பத்திரம் நினைவிருக்கிறதா? அந்தச் சீனியர்களும் அதே பேப்பரில் கையெழுத்துப் போட்டவர்கள்தான்.

1800-180-5522 என்ற இலவச எண் 24 மணி நேரமும் இருக்கிறது. காசு ஜிபே-யில் போனதா? அந்த ஸ்டேட்மென்ட்டை விடப் பெரிய சாட்சி வேண்டாம். கையில் கொடுத்திருந்தால் எந்தக் கிழமை, எவ்வளவு, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று இன்றைக்கே நோட்டில் குறித்துவிடு.

*

இன்டர்னல் மார்க் போடுகிற சார், 'தனியாக வந்து பார்' என்று ராத்திரியில் மெசேஜ் அனுப்புகிறார். ஒருமுறை லேபில் தோளில் கை வைத்தார். எனக்கு இன்னும் 18 ஆகவில்லை. வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள்.
— முதல் வருட மாணவி, தண்டையார்பேட்டை

கண்ணு, 18 ஆகவில்லை என்று நீ எழுதிய அந்த வரி ரொம்ப முக்கியம். பிளஸ் டூ முடித்து வருகிற நிறையப் பிள்ளைகளுக்கு முதல் வருடத்தில் 17 வயதுதான். உன் கேஸ், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டத்துக்குள் வருகிறது. தெரிந்தவர்கள் யாரானாலும் போலீஸுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு, நிறுவனத்தின் தலைவராக இருந்தால் ஒரு வருடம் வரை. ஆகவே 'உள்ளுக்குள்ளேயே பார்த்துக்கலாம்' என்று எந்த முதல்வரும் சொல்ல முடியாது. பெரியவர்களுக்கு நடக்கிற அதே விஷயத்தில் எழுதலாமா வேண்டாமா என்பது அவர்கள் இஷ்டம். உனக்கு நடந்ததில் பெரியவர்கள் பேசாமல் இருக்கச் சட்டம் இடமே தரவில்லை.

மார்க்குக்குப் பயப்படாதே. அந்த ஆள் உன் பேப்பரைத் திருத்தவோ மார்க் போடவோ கூடாது என்று குழு இடைக்கால உத்தரவு போட முடியும். 2015 விதியில் அது தனியாகவே இருக்கிறது. மெசேஜ்களை அழிக்காதே. 1098-ஐக் கூப்பிடு, குழந்தைகள் உதவி எண்; உன் வயதுக்கு அது பொருந்தும். வீட்டில் யாராவது ஒருவர் இருப்பார்கள், அக்காவோ அத்தையோ பாட்டியோ, படிப்பை நிறுத்தச் சொல்லாத ஒருவர். அவர்களிடம் முதலில் சொல். யாருமே இல்லை என்றால் இந்தப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் செய், நான் வந்து உன் வீட்டில் பேசுகிறேன். இதை எல்லோருக்கும் சொல்ல மாட்டேன்.

*

எங்கள் காலேஜில் ஐசிசி இருக்கிறதா என்றே தெரியவில்லை. எங்கேயும் போர்டு இல்லை. கேட்டால் 'அதெல்லாம் இருக்கு, உனக்கெதுக்கு' என்கிறார்கள். எனக்குப் பிரச்சினை எதுவும் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.
— மாணவி, மணலி

உனக்கெதுக்கு என்று கேட்டவர்களுக்கு நல்ல பதில் கைவசம் இருக்கிறது. உறுப்பினர்களின் பெயரும் போன் நம்பரும் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. குழுவே அமைக்காவிட்டால் 2013 சட்டப்படி 50,000 ரூபாய் வரை அபராதம். யுஜிசி மானியத்தை நிறுத்தலாம், பல்கலைக்கழக இணைப்பை ரத்து செய்யப் பரிந்துரைக்கலாம்.

அரசுக் கல்லூரியோ அரசு உதவி பெறும் கல்லூரியோ என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடு. பொதுத் தகவல் அலுவலர் பெயருக்கு, ஒரு வெள்ளைத் தாளில் நாலு கேள்வி: உள்ளகப் புகார்க் குழு எந்தத் தேதியில் அமைக்கப்பட்டது, இப்போதைய உறுப்பினர்கள் யார், மாணவர் பிரதிநிதிகள் மூவரும் எந்தத் தேர்தலில் எப்போது தேர்ந்தெடுக்கப்பட்டார்கள், கடைசி ஆண்டறிக்கையின் நகல். மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுத முடியாமல் திணறுவார்கள் என்று நினைக்கிறேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். பாரிமுனைப் பக்கம் ஸ்டாம்ப் வெண்டர்களிடம் கிடைக்கும். பதில் 30 நாளில் வர வேண்டும். வந்தால் எனக்கும் ஒரு ஜெராக்ஸ் அனுப்பு.